6.2 லட்சம் கோடியும் ஆயுதத்துக்கா?

'இந்தியா பாதுகாப்புக்கு ஒதுக்கும் 6.2 லட்சம் கோடியும் ஆயுதக் கம்பெனிகளுக்குத்தான் போகிறது, பாதியை வெட்டிப் பள்ளிக்கூடங்களுக்குக் கொடுக்கலாம்' என்று சிலர் சொல்வது தவறு. 2024-25 பட்ஜெட்டில் பாதுகாப்புக்கு மொத்தம் 6,21,940 கோடி ரூபாய். அதில் சம்பளமும் படிகளும் 30.66%, ஓய்வூதியம் 22.70%. பாதிக்கு மேல் இங்கேயே முடிந்துவிடுகிறது.

ஆயுதம், விமானம், கப்பல் வாங்கும் மூலதனச் செலவு 1.72 லட்சம் கோடிதான். நிலம், கட்டுமானம் எல்லாம் அதற்குள்ளேதான். பெரும்பகுதி முன்பே போட்ட ஒப்பந்தங்களின் தவணை. அதை முழுவதும் நிறுத்தினாலும் அவர்கள் கேட்கும் பாதி வராது. சம்பளத்திலும் ஓய்வூதியத்திலும் கைவைக்க முடியாது. எனவே வெட்டு விழுந்தால் முதலில் அடிபடுவது உதிரிபாகம், வெடிமருந்து, பயிற்சி.

சிப்பாய்கள் பலர் நாற்பது வயதை ஒட்டியே ஓய்வு பெறுகிறார்கள். அதன்பின் பல பத்தாண்டுகள் ஓய்வூதியம். ஓய்வூதியம் பெறுவோர் 32 லட்சத்துக்கும் மேல். 'ஒரே பதவி, ஒரே ஓய்வூதியம்' (ஒரே பதவியில் ஒரே அளவு காலம் பணியாற்றியவர்களுக்கு, எப்போது ஓய்வு பெற்றாலும் ஒரே ஓய்வூதியம்) தேர்தல் வாக்குறுதியானதும் இந்த எண்ணிக்கையால்தான்.

வீரர்களை நான்கு ஆண்டுகளுக்கு மட்டும் சேர்க்கும் 2022ஆம் ஆண்டுத் திட்டமான அக்னிபாத் இந்தச் சுமையைக் குறைத்துவிட்டது என்பதும் சரியல்ல. நான்கு ஆண்டில் வெளியேறும் 75% பேருக்கு ஓய்வூதியம் இல்லை, சுமார் 11.71 லட்சம் ரூபாய் சேவா நிதி என்ற ஒருமுறைத் தொகை மட்டுமே. ஆனால் ஓய்வூதியத் தகுதிக்கு 15 ஆண்டு சேவை வேண்டும். 2022க்குப் பின் சேர்ந்தவர்களால் மிச்சம் தெரிய 2037 தாண்டும். அதுவரை பழைய பட்டியல் வளரும்.

இந்த பட்ஜெட்டை பாகிஸ்தானின் பாதுகாப்பு பட்ஜெட்டோடு நேராக ஒப்பிடும் கணக்கும் நிற்காது: அங்கே ராணுவ ஓய்வூதியம் பாதுகாப்பு பட்ஜெட்டுக்கு வெளியே காட்டப்படுகிறது.