உடைந்த பக்கிளும் ஓடிக்கொண்டிருந்த கேமராவும்

ரிஷிகேஷிலிருந்து திரும்பிப் பத்து நாள் ஆகிவிட்டது. ஆத்திரம் அடங்கவில்லை. இதை எழுதாமல் விட்டால் இன்றைக்கும் தூக்கம் வராது.

கல்லூரி முடித்து எட்டு வருஷம் கழித்து ஆறு பேருக்கும் ஒன்றாக லீவு கிடைத்தது. சென்னையிலிருந்து கிளம்பினோம். சிவபுரியில் ராஃப்டில், அதாவது காற்றடைத்த ரப்பர் படகில் ஏறி, கங்கையிலேயே வந்து ரிஷிகேஷில் இறங்குவதாகத் திட்டம், சுமார் 16 கிலோமீட்டர். எங்களில் ஒருத்தனுக்கு நீச்சல் தெரியாது. புக் பண்ணும்போதே போனில் சொன்னோம், ஆற்றங்கரையிலும் சொன்னோம். "லைஃப் ஜாக்கெட் இருக்கு, பயமே வேண்டாம்" என்றார்கள்.

அவனுக்குக் கொடுத்த ஜாக்கெட்டின் லட்சணத்தைச் சொல்கிறேன். மூன்று பக்கிளில் நடுவில் இருந்தது உடைந்துபோய், பட்டையை இழுத்து முடிச்சுப் போட்டு வைத்திருந்தார்கள். முடிச்சு இறுகக்கூட இல்லை, என் ரெண்டு விரல் தாராளமாக உள்ளே போனது. வேறு கொடுங்கள் என்று கேட்டேன். பின்னால் இன்னும் நாலு குரூப் காத்திருக்கிறது, சீக்கிரம் ஏறுங்கள் என்று விரட்டினார்கள்.

பாதுகாப்பு பற்றிக் கைடு பேசியது மொத்தம் இரண்டு நிமிஷம், அதுவும் கடகடவென்று இந்தியில். எங்களில் ஒருத்தனுக்குத்தான் அது ஓரளவு புரியும். 'ஃபார்வர்ட்', 'ஸ்டாப்' தவிர மற்றவர்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அதே ஆள் வீடியோ பேக்கேஜ் பற்றிப் பேச ஆரம்பித்ததும் நல்ல இங்கிலீஷில் பத்து நிமிஷம் நிறுத்தி நிதானமாகப் பேசினார். வீடியோ விற்க வருகிற இங்கிலீஷ் உயிரைக் காப்பாற்றுகிற விஷயத்தைச் சொல்ல மட்டும் ஏன் வரவில்லை?

தண்ணீர் பாறைகளில் மோதிச் சீறுகிற இடங்களுக்கு அங்கே பெயர் வைத்திருக்கிறார்கள். ரோலர் கோஸ்டர் என்பதை எப்படியோ தாண்டிவிட்டோம். அடுத்து கோல்ஃப் கோர்ஸ் என்கிற இடத்தில் ஒரு அலை ராஃப்டின் இடது பக்கத்தை அப்படியே தூக்கியது. திரும்பிப் பார்த்தால் நீச்சல் தெரியாத அவனைக் காணோம்.

கங்கை அங்கே பனி உருகி வரும் தண்ணீர். மேலே தேவப்ரயாகையில் அலக்நந்தாவும் பாகீரதியும் கலந்து இறங்கி வருகிறது. மே மாத வெயில் மண்டையைப் பிளந்தாலும் உள்ளே விழுந்தால் மூச்சு அடைக்கும். அவன் மேலே வந்தபோது முடிச்சு அவிழ்ந்து, ஜாக்கெட் காதுவரை ஏறி, முகம் அதற்குள் புதைந்து கிடந்தது. கைடு ஒரு கையில் கேமரா குச்சி வைத்திருந்தார். விழுந்தவர் பிடித்துக்கொள்ள வீசுகிற கயிற்றுப் பை அவர் காலடியிலேயே இருந்தது. குச்சியை எங்களில் ஒருத்தனிடம் பத்திரமாகக் கொடுத்துவிட்டுத்தான் அதைக் குனிந்து எடுத்தார். அந்தச் சில நொடிகளை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

பாறை தட்டுப்பட்டதும் அவன் காலை ஊன்றி நிற்கப் பார்த்திருக்கிறான். செய்யவே கூடாத காரியம் அது. இடுக்கில் கால் மாட்டிக்கொண்டால் ஓட்டம் ஆளைக் குப்புற அமுக்கிவிடும். மல்லாந்து, தண்ணீர் ஓடுகிற பக்கம் காலை நீட்டி மிதக்க வேண்டும். மேலே ஏற்றுகிறவர்கள் ஜாக்கெட்டின் தோள்பட்டையைப் பிடித்துத் தூக்க வேண்டும். நாங்கள் கையைப் பிடித்து இழுத்தோம், தோள் பிசகிவிட்டது. இதையெல்லாம் ஊருக்கு வந்த பிறகு நானே தேடிப் படித்துத் தெரிந்துகொண்டேன். கரையில் சொல்லியிருந்தால் இன்னொரு மூன்று நிமிஷம் ஆகியிருக்குமா? அவனால் இன்னும் தலை வார முடியவில்லை. படியில் வழுக்கி விழுந்ததாக அவன் அம்மாவிடம் சொல்லி வைத்திருக்கிறோம்.

அப்புறம் ஆபீஸுக்குப் போனோம். ஏறும்முன் கையெழுத்து வாங்கிய தாளை எடுத்துக் காட்டி, எல்லாம் உங்கள் பொறுப்பு என்றார்கள். அதையாவது பொறுத்துக்கொண்டேன். உடனே லேப்டாப்பைத் திருப்பி, "அவர் விழுந்தது ரொம்ப க்ளியரா வந்திருக்கு சார், 1,500 ரூபாய்" என்றான் ஒருத்தன். என் நண்பன் மூச்சுக்குத் திணறியதற்கு விலை! வாய்க்கு வந்தபடி கத்தினேன். அதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

வெளியே வந்தால், அதே ஜாக்கெட்டைத் தண்ணீர் சொட்டச் சொட்ட அடுத்த குரூப்பின் ஜீப்பில் தூக்கிப் போட்டுக்கொண்டிருந்தார்கள். மறுபடியும் முடிச்சுப் போட்டாயிற்று. ஜீப்பில் இருந்த பெண்ணிடம் அதை எடுத்துக் காட்டி, இதை மட்டும் போட்டுக்கொள்ளாதீர்கள் என்று சொன்னேன். டிரைவர் என் கையிலிருந்து அதைப் பிடுங்கிப் பின்னால் எறிந்துவிட்டு வண்டியை எடுத்தார்.