சம்பளம் வராதது பாவத்தின் தண்டனையா?

“வளைகுடாவில் சம்பளம் கிடைக்காமல் தவிப்பவர் வீட்டில் மறைவான பாவம் இருக்கும், வேதாகமமே சொல்கிறது” என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி குளச்சல், தூத்தூர் பக்கமெல்லாம் சுற்றுகிறது. பொய். பிறவிக் குருடனைப் பார்த்து, இது யார் செய்த பாவம் என்று சீடர்கள் கேட்டபோது, இவனுமில்லை, இவனைப் பெற்றவர்களுமில்லை என்றார் இயேசு (யோவான் 9:3). எல்லாம் இழந்து துன்பப்பட்ட யோபுவைப் பாவி என்று வாதாடிய நண்பர்கள்மேல்தான் கடவுள் கோபப்பட்டார். கூலி விஷயத்தில் யாக்கோபு 5:4 இன்னும் நேரடி: பிடித்துவைத்த கூலி கூக்குரலிடுகிறது, குற்றவாளி முதலாளிதான். நகையை அடகுவைத்து விசா எடுத்துக் கணவரை அனுப்பிவிட்டு, மாதாமாதம் வட்டிக்கு ஓடுகிற அக்காவிடம் போய்ப் பாவத்தைத் தேடச் சொல்லாதீர்கள். அப்புறம், சம்பளம் நிலுவை என்றால் அந்த நாட்டு இந்தியத் தூதரகத்தில் புகார் கொடுக்கலாம், பாஸ்போர்ட், ஒப்பந்த நகல்களை வீட்டிலும் வைத்திருங்கள்.