உள்ளுணர்வ வளக்கணும்னா மொதல்ல ஒரு கொப்பி (நோட்டு) வாங்குங்க

கொஞ்ச நாளா நம்ம பக்கத்து வட்ஸ்அப் குரூப்புகள்ல ஒரு போஸ்டர் சுத்துது. மூன்றாங்கண் திறக்கும் பயிற்சியாம், டாரட் சீட்டு, பெண்டுலம் (நூல்ல தொங்க விட்டு ஆட்டம் பாக்குற குண்டு), சோழி எல்லாம் சேத்து ஓன்லைன் கிளாஸ், முடிச்சா சேர்டிபிகேட். அவங்க கேக்குற பீஸ கட்ட தேயிலை மலையில கொழுந்தெடுக்குற ஒரு அக்கா எத்தன முழுப்பேர் (முழுநாள் சம்பளத்துக்கான வேல) போடணும்னு யோசிச்சேன், சுர்ருன்னு கோவம் வந்துச்சு, அதான் இந்தப் பதிவு.

மொதல்லயே சொல்லிடுறேன், நான் பகுத்தறிவு பேச வரல. என்கிட்டயே ஒரு டாரட் கட்டு இருக்கு, காலையில ஸ்கூலுக்கு கெளம்புறதுக்கு முன்ன ஒரு கார்ட் எடுப்பேன். லயத்துல, அதான் தோட்டத் தொழிலாளருங்க வரிசை வீட்டுல, வளந்தவ நான், கோடாங்கி உடுக்கடிச்சு குறி சொல்றதும், வெத்தலையில மை தடவிப் பாக்குறதும், மாரியம்மன் முன்னால பூக்கட்டிப் பாக்குறதும், பல்லி கத்துனா அப்பாயி "கேட்டியா, அதுவே சொல்லிருச்சு"ன்னு தரையத் தட்டுறதும் எனக்கு சாப்பாடு மாதிரி. இதெல்லாம் மூடநம்பிக்கைன்னு ஒதுக்குற அண்ணன்மாருக்கும், சாமிய கேலி பண்றியான்னு சண்டைக்கு வர்ற அண்ணன்மாருக்கும் நடுவுல நின்னு பேச வேண்டியிருக்கு, ரெண்டு பேரும் கொஞ்சம் பொறுங்க.

நான் சொல்ல வர்றது ஒண்ணுதான். கார்டோ சோழியோ உங்களுக்கு எதிர்காலத்த காட்டாது. ஆனா நீங்க ஏற்கெனவே கவனிச்சு, மனசுக்குள்ள போட்டு வச்சு, வெளிய சொல்லாம இருக்குற விசயத்த தூக்கி மேல கொண்டு வரும். அது சரியா தப்பான்னு தெரிய எழுதி வச்சுப் பாக்குறத தவிர வேற வழி கெடையாது.

இது புதுசும் இல்ல. சங்க காலத்துல விரிச்சின்னு ஒண்ணு இருந்துச்சு. முல்லைப்பாட்டுல வருமே, வயசான பொம்பளைங்க சாயங்காலம் ஊருக்கு வெளிய போயி நெல்லையும் முல்லப்பூவையும் தூவி சாமி கும்பிட்டுட்டு, யார் வாயில இருந்தாவது நல்ல வார்த்த வருதான்னு காத குடுத்து நிப்பாங்க. அங்க ஒரு ஆயர் பொண்ணு, தாய்ப்பசுவ காணாம தவிக்குற கன்னுக்குட்டிய பாத்து, உங்கம்மாமார் இப்ப வந்துருவாங்கன்னு சொல்றா. அத கேட்டுட்டு, போருக்குப் போன தலைவன் வந்துருவான்னு இவங்க எடுத்துக்குறாங்க. அந்தப் பொண்ணு சொன்னது மாட்டுக்கு! கேள்விய மனசுல சொமந்துக்கிட்டு நின்னது இவங்க, அதனால பதிலும் இவங்க மனசுல இருந்துதான் வந்துச்சு. குறி வேல செய்யிற விதம் மொத்தமும் இதுல இருக்குன்னு நான் நெனைக்கிறேன்.

பூக்கட்டுறதயே எடுங்க. செவப்புப் பூ ஒரு பொட்டலம், வெள்ளப் பூ ஒரு பொட்டலம், சின்னப் புள்ளய விட்டு எடுக்கச் சொல்றது. வெள்ள வந்தா கல்யாணத்த பேசலாம்னு நேந்துக்கிட்டு வந்த எங்க சொந்தத்துல ஒரு சின்னம்மா, செவப்பு வந்ததும் "புள்ள கை கழுவாம எடுத்துருச்சு, இன்னொருக்கா கட்டுங்க சாமி"ன்னாங்க. ரெண்டாவது தடவ கட்டச் சொன்ன அந்த நிமிசத்துலயே அவங்களுக்கு பதில் தெரிஞ்சு போச்சு, பூசாரிக்கும் தெரிஞ்சு போச்சு, பக்கத்துல நின்ன எங்களுக்கும் தெரிஞ்சு போச்சு.

டாரட்டும் அப்படித்தான். 15ஆம் நூற்றாண்டுல இத்தாலிக்காரங்க சும்மா சீட்டு வெளையாட வச்சிருந்த கட்டு அது, குறி கேக்குற சாமானா அது மாறினது 18ஆம் நூற்றாண்டு கடைசியில பிரான்ஸ்ல. மொத்தம் 78 கார்ட், 22 பெருசு, 56 சின்னது. 1909ல லண்டன்ல வந்த கட்டுக்கு பமேலா கோல்மன் ஸ்மித்னு ஒரு பெண் ஓவியர் படம் வரைஞ்சாங்க. அதுக்கு முன்ன பொதுவா சின்னக் கார்ட்ல அஞ்சு கோப்பை, எட்டு வாள்னு எண்ணிக்கை மட்டுந்தான் இருக்கும், இவங்க அதுலயும் ஆள், வீடு, ஆறு, அழுறவங்கன்னு காட்சியா போட்டாங்க. அதனாலதான் புத்தகமே பாக்காம படத்த பாத்து மனசு பேச ஆரம்பிக்குது. அந்தப் படம் யாருக்கும் ரகசியம் சொல்லல, உங்க கதைய இழுத்து வெளிய போடுது.

பெண்டுலம் பத்தி கிளாஸ்காரங்க சொல்லாதது ஒண்ணு இருக்கு. செவ்ரோல்னு ஒரு பிரெஞ்சு வேதியியல்காரர் 1833லயே இத சோதிச்சு எழுதிட்டார். கண்ண கட்டிட்டா ஆட்டம் அடங்கிருது, கண்ணு பாத்தா ஆடுது. கை நமக்கே தெரியாம நுணுக்கமா அசையுது, அவ்வளவுதான். இதக் கேட்டு சிலருக்கு ஏமாத்தமா இருக்கும், எனக்கு என்னமோ இதுதான் சுவாரசியம். ரெண்டு வேலையில எதுக்கு போகன்னு கேட்டா கை எந்தப் பக்கம் சாயுதுன்னு பாக்கலாம், அது உங்க மனசு. லொத்தர் நம்பர கேட்டா உங்க கைக்கு அது எப்படித் தெரியும்?

அடுத்தது குறி சொல்றவங்க பக்கம். நம்ம ஊருல யாரு வீட்டுலயும் "தூர இருக்குற ஒரு ஆளால மனசுல பாரம் இருக்கு"ன்னு சொல்லிப் பாருங்க, தப்பவே தப்பாது. கொழும்புல கடையில நிக்கிற மகன் இருப்பான், இல்லாட்டி சவுதிக்கோ குவைத்துக்கோ போன மக இருப்பா. நக அடகுல இருக்கும், முட்டி வலி இருக்கும், ஒரு கல்யாணம் தள்ளிப் போய்க்கிட்டு இருக்கும். 1948ல அமெரிக்காவுல ஃபோரர்னு ஒரு உளவியல்காரர் தன்னோட 39 மாணவருக்கு, உன் குணத்த சோதிச்சு எழுதுனதுன்னு சொல்லி எல்லாருக்கும் ஒரே தாளக் குடுத்தார். எவ்வளவு பொருந்துதுன்னு 5க்கு மார்க் போடச் சொன்னா சராசரி 4.26 வந்துச்சு. அந்த வரிகள பெரும்பாலும் கடையில விக்கிற ஜோசியப் புத்தகத்துல இருந்துதான் எடுத்திருந்தார். படிச்ச புள்ளைங்களே அப்படின்னா, பயந்துபோயி வந்து நிக்கிற ஒரு தாய் என்ன செய்யும்.

அதுக்காக எல்லாக் கோடாங்கியும் ஏமாத்துக்காரன்னு சொல்ல மாட்டேன். வேற யார்கிட்டயும் வாயத் தொறக்க முடியாத எத்தனையோ பொம்பளைங்க அந்த உடுக்கு சத்தத்துக்கு முன்னாலதான் அழுது தீத்திருக்காங்க, வெத்தல பாக்கும் கொஞ்சம் சில்லறையும் தான் செலவு. ஆனா மை போட்டு களவு கண்டுபிடிக்கிறது இருக்கே, அத நான் மன்னிக்கவே மாட்டேன். எங்க லயத்துல ஒரு தோடு காணாமப் போயி, மை பாக்குறவர் "தண்ணிப் பீலிக்கு பக்கத்துல, கறுத்த பொம்பள, ரெண்டு புள்ளைக்கு தாய்"னு சொல்லிட்டார். பீலின்னா லயத்துல எல்லாரும் தண்ணி புடிக்கிற எடம், அதுக்கு பக்கத்துல இருக்கிற வீடே ரெண்டு மூணுதான்! அதுக்கப்புறம் அந்த அக்கா கூட யாரும் கொழுந்து நிறுக்க சேந்து போகல, அவ புள்ளைங்க கூட வெளையாட எங்கள விடல. தோடு கெடைக்கவும் இல்ல. பேர் சொல்லாம ஒரு ஆள காட்டிக் குடுத்தா பாவம் அவர் கணக்குல ஏறாதாம், அத மட்டும் நல்லா படிச்சு வச்சிருந்தார்.

சரி, நெசமான உள்ளுணர்வு எங்க இருக்கு? ஸ்டோர்ல, அதான் தேயிலை ஃபேக்டரியில, போயி பாருங்க. உருட்டுன கொழுந்து பரப்பிக் கெடக்குறப்ப நல்ல டீமேக்கர் ஒரு கைப்பிடி அள்ளி மூந்து பாப்பார், பச்ச வாட போயி வாசம் மாறுற நேரம் அவருக்குத் தெரியும், எப்படின்னு கேட்டா ஒழுங்கா சொல்லத் தெரியாது. அவருக்கு அது வந்ததுக்கு காரணம் சாமி குடுத்த வரம் மட்டும் இல்ல. அன்னிக்கு அவர் எடுத்த முடிவு நாளைக்கு கோப்பையில ருசியா தெரிஞ்சுரும், அப்புறம் கொழும்பு ஏலத்துல விலையா தெரிஞ்சுரும், 1883ல இருந்து நடக்குற ஏலம் அது, பொய் சொல்லாது. தப்பு உடனே திரும்பி வந்து மூஞ்சியில அடிக்கிற எடத்துலதான் உள்ளுணர்வு வளரும். கானெமான், கிளைன்னு ரெண்டு உளவியல்காரங்க 2009ல சேந்து எழுதுன கட்டுரையிலயும் கிட்டத்தட்ட இதுதான் சாரம், ஒழுங்கா திரும்பத் திரும்ப நடக்குற விசயமா இருக்கணும், சரியா தப்பான்னு பதிலும் கெடைக்கணும்.

மூன்றாங்கண் கிளாஸ்ல இந்தப் பதில்தான் கெடைக்காது. பலிச்சா உங்க சக்தி, பலிக்கலன்னா உங்களுக்கு நம்பிக்க பத்தல, அடுத்த லெவலுக்கு காசு கட்டுங்க.

அதனாலதான் கொப்பி. ஒரு சாதா சீஆர் கொப்பி போதும். முன்பக்கம் இருந்து தேதி போட்டு எழுதுங்க. கார்ட் என்னன்னு எழுதி, புத்தகத்த தொறக்காம படத்துல கண்ணு மொதல்ல எங்க போச்சுன்னு எழுதி, அதுக்கு கீழ தப்பாப் போகக்கூடிய மாதிரி ஒரு வரி. "இன்னிக்கு மாற்றம் வரும்"னு எழுதாதீங்க, ராத்திரி எத வேணும்னாலும் அதுக்குள்ள அமுக்கிரலாம். "இன்னிக்கு மீட்டிங் நடக்காது"ன்னு எழுதுங்க, பக்கத்துல எவ்வளவு நிச்சயம்னு 10க்கு ஒரு மார்க். மழ காலத்துல ஹட்டன் பஸ் லேட்டாகும்னு எழுதிட்டு சரி போட்டுக்காதீங்க, அதுக்கு கார்ட் தேவையில்ல.

தேதி வாரியா மட்டும் வச்சா ஒண்ணும் வெளங்காது. கொப்பிய திருப்பி பின்பக்கத்துல இருந்து கேள்வி வாரியா பிரிச்சு எழுதணும், ஆளுங்க, வேல, காசு, பயணம்னு. எனக்கு அதப் புரட்டிப் பாத்தா தெளிவா தெரியுது, ஆளுங்க பக்கத்துல நல்லா பலிக்குது, காசுலயும் தேதியிலயும் பூவா தலையா போட்ட கணக்குதான். காரணமும் வெளங்குது. எந்தப் புள்ள காலையில சாப்பிடாம வந்திருக்கு, எந்தப் புள்ள வீட்டுல ராத்திரி சண்டன்னு நான் தெனமும் மூஞ்சியப் பாத்து யூகிக்கிறேன், இண்டர்வலுக்குள்ள சரியா தப்பான்னு தெரிஞ்சுருது. டொலர் ஏறுமான்னு நான் எங்க பழகினேன்?

ஒரு விசயத்த மட்டும் கார்ட்கிட்ட கொண்டு போகாதீங்க, அது மண்சரிவு. மழ அடிச்சு ஊத்துறப்ப "மனசு என்னமோ சொல்லுது"ன்னு கெழவிங்க எந்திரிச்சு உக்காந்தா அதக் கேளுங்க, அவங்க கண்ணு எதயோ பாத்திருக்கும், பீலித் தண்ணி திடீர்னு கலங்கி வர்றது, தரையில வெடிப்பு, கதவு எறுகிப் போறது, மரம் சாயிறது. 2014 அக்டோபர் 29ஆம் தேதி காலையில கொஸ்லந்த மீரியபெத்தையில லயங்கள மண்ணு மூடுனத மறந்துட முடியுமா. தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் 24 மணித்தியாலத்துல 75 மில்லிமீட்டர் மழைக்கு விழிப்பா இருக்கச் சொல்லுது, 100 தாண்டினா எச்சரிக்க, 150 தாண்டினா வெளியேறச் சொல்லுது. மனசு சொன்னாலும் கெளம்புங்க, நம்பர் சொன்னாலும் கெளம்புங்க, ரெண்டும் சேரணும்னு காத்திருக்காதீங்க, பூக்கட்டவும் வேணாம். அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்கு நம்பர் 117, போன்ல போட்டு வைங்க.