க்ளாப் முதல் ஆண்டிலேயே லீக் பட்டம் வென்றாரா?

தங்கள் அபிமான அணிக்குப் பெயர்பெற்ற மேலாளர் ஒருவர் வந்துவிட்ட மகிழ்ச்சியில், காரைக்குடி, தேவகோட்டைப் பகுதிக் கால்பந்து ரசிகர்களின் வாட்ஸ்அப் குழுக்களில், "யூர்கன் க்ளாப் லிவர்பூலுக்கு வந்த முதல் ஆண்டிலேயே லீக் பட்டம் வென்றார், நமக்கும் அதேதான்" என்ற செய்தி ஒரு படத்துடன் சுற்றிவருகிறது. இது தவறு.

2015 அக்டோபரில் க்ளாப் இங்கிலாந்தின் லிவர்பூல் அணிக்கு மேலாளராகப் பொறுப்பேற்ற அந்தப் பருவத்தில், அந்த அணி லீக்கில் 8ஆம் இடத்தையே பிடித்தது. இங்கிலாந்து அணிகள் மோதும் லீக் கோப்பை, ஐரோப்பிய அணிகள் மோதும் யூரோப்பா லீக் ஆகிய இரண்டின் இறுதிப் போட்டிகளிலும் தோற்றது. இங்கிலாந்தின் முதன்மை லீக்கான பிரீமியர் லீக் பட்டம் 2019-20 பருவத்தில்தான் கைக்கு வந்தது. உடன் வரும் படமே அதற்குச் சாட்சி: கோப்பையை ஏந்தி நிற்பவர்களைச் சுற்றியுள்ள அரங்கில் ரசிகர் கூட்டமே இல்லை, ஏனெனில் அது 2020 ஜூலையில், கொரோனாக் கட்டுப்பாட்டுக் காலத்தில் எடுக்கப்பட்டது.

முதல் பருவத்திலேயே வென்றவர்களும் உண்டு. 2009-10இல் செல்சி அணியின் மேலாளர் அன்செலோட்டி லீக் பட்டத்தையும், இங்கிலாந்தின் மற்றொரு போட்டியான எஃப்.ஏ. கோப்பையையும் சேர்த்தே வென்றார். ஆனால் அவருக்குக் கிடைத்தது ஏற்கெனவே பட்டம் வென்று பழகிய அணி. மற்றொரு மேலாளரான குவார்டியோலாவோ மான்செஸ்டர் சிட்டி அணியில் தம் முதல் பருவமான 2016-17இல் ஒரு கோப்பையும் வெல்லவில்லை.