பெட்டி எங்கே?

என் சித்தி மகளுக்குப் போன தை மாதம் கல்யாணம். பத்து நாள் இருக்கும்போது, ஜாக்கெட் வாங்கிவரப் போனவள் பக்கத்துப் பியூட்டி பார்லரில் உதட்டைப் பருமனாகக் காட்டும் ஃபில்லர் ஊசி போட்டுக்கொண்டு வந்துவிட்டாள். வீட்டில் மூச்சு விடவில்லை. சாயங்காலம் எனக்குப் போன்: "அக்கா, உதட்டோரம் விண்ணு விண்ணுன்னு வலிக்குதுக்கா."

ஓடிப் போய்ப் பார்த்தேன். மேலுதட்டின் வலப்பக்கம் சுண்ணாம்பு பூசியதுபோல் வெளுத்துக் கிடந்தது. அதற்கு மேலே மூக்கு வரைக்கும் வலை விரித்தாற்போல் ஊதாக் கோடுகள். விரலால் அழுத்தி எடுத்தால் தோல் சட்டென்று சிவக்க வேண்டும். சிவக்கவே இல்லை. பார்லருக்குப் போன் பண்ணினால், "வீக்கம்தான் மேடம், ஐஸ் வைங்க" என்றார்கள்.

அது வீக்கம் இல்லை. ஃபில்லர் ரத்தக்குழாயை அடைத்துவிட்டது. ஐஸ் வைத்தால் குழாய் இன்னும் சுருங்கும். பல ஃபில்லர்களில் மரத்துப்போக லிடோகெயின் கலந்திருக்கும். அதனால் வலிகூடத் தாமதமாகத்தான் தெரியும்.

ராத்திரியே தோல் டாக்டரிடம் கூட்டிப்போனோம். அவர் கேட்ட முதல் கேள்வி: "என்ன போட்டாங்க? பெட்டி எங்கே?"

அவளுக்குத் தெரியவில்லை. "லிப் ஃபில்லர்" என்று மட்டும்தான் சொன்னார்களாம்.

அந்தக் கேள்விக்குள் எவ்வளவு இருக்கிறது என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. ஃபில்லரில் பல வகை. உதட்டுக்குப் பெரும்பாலும் போடுவது ஹயலூரோனிக் ஆசிட். நம் தோலிலேயே இருக்கிற பொருள்தான், சீக்கிரம் கரையாமல் இருக்க ஜெல்லாக்கியிருப்பார்கள். ஆறு மாதத்திலிருந்து ஒரு வருஷம் நிற்கும். வினை வந்தால் ஹயலூரோனிடேஸ் என்ற ஊசியால் கரைத்துவிடலாம். கண் ஆபரேஷனில் மரத்துப்போகும் ஊசியோடு சேர்ப்பார்களே, அதே மருந்து. ஆனால் உள்ளே போனது கால்சியம் வகையோ, பிஎம்எம்ஏ என்கிற நிரந்தர வகையோ, சிலிக்கானோ என்றால் அந்த ஊசி அதைக் கரைக்காது.

கடைசியில் டாக்டரே பார்லரில் பேசி, அவர்கள் குப்பைக்கூடையிலிருந்து பெட்டியை எடுத்து வாட்ஸப்பில் படம் அனுப்பினார்கள். நல்லவேளை, ஹயலூரோனிக் ஆசிட். விட்டு விட்டு மூன்று தடவை ஊசி போட்ட பிறகுதான் உதட்டில் ரத்தம் ஓடியது. இன்னும் தாமதித்திருந்தால் அந்த இடத்துச் சதையே அழுகியிருக்கும் என்றார். புருவ மத்தியிலும் மூக்கிலும் போடும்போது இதைவிட பயங்கரம். அங்கிருக்கும் குழாய்களுக்குக் கண்ணோடு தொடர்பு உண்டு. அபூர்வம்தான், ஆனால் பார்வை போனவர்கள் இருக்கிறார்கள். போன பார்வை பெரும்பாலும் திரும்புவதில்லை.

"அழகுக்கு எதுக்கு ஊசி" என்று அவளைத் திட்டிய சொந்தக்காரர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. அவள் முகம், அவள் ஆசை. 2004-ல் அமெரிக்காவில் ஸ்கல்ப்ட்ரா என்ற ஃபில்லர் ஊசிக்கு அனுமதி கிடைத்ததே எச்ஐவியால் கன்னம் ஒட்டிப்போனவர்களுக்காகத்தான். எனக்குக் கோபமெல்லாம் முகத்தின் ரத்தக்குழாய் எது எங்கே ஓடுகிறது என்று படிக்காதவர்கள் சிரிஞ்சைக் கையில் எடுப்பதன்மேல்தான். ஊசியே இல்லாமல் ஃபில்லரைக் காற்றழுத்தத்தில் செலுத்தும் 'ஹயலூரான் பென்' ஒன்று ஆன்லைனில் விற்கிறது. அதைத் தொடாதீர்கள் என்று அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2021-லேயே எச்சரித்துவிட்டது.

போட்டே தீருவேன் என்றால் தோல் டாக்டரிடமோ பிளாஸ்டிக் சர்ஜனிடமோ போங்கள். விலை கேட்பதற்கு முன்னால், "ஹயலூரோனிடேஸ் இங்கே கையிருப்பில் இருக்கா?" என்று கேளுங்கள். கேள்விக்கு முகம் சுளித்தால் எழுந்து வந்துவிடுங்கள். ஆஸ்பிரின் மாதிரி ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுத்தால், உதட்டில் அக்கி வருமென்றால், மறைக்காதீர்கள். கர்ப்பமாக இருந்தாலோ பால் கொடுத்தாலோ தள்ளிப்போடுங்கள். கல்யாணத்துக்கு ஒரு மாதமாவது இடைவெளி வேண்டும்.

பெட்டியை உங்கள் கண் முன்னால் பிரிக்கச் சொல்லுங்கள். உள்ளே பெயரும் பேட்ச் நம்பரும் போட்ட ஸ்டிக்கர் இருக்கும். ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். ஏற்கெனவே போட்டுக்கொண்டு அது கையில் இல்லாதவர்கள், நாளைக்கே போய் எழுதியாவது வாங்கி வந்துவிடுங்கள்.