850 வாட் பவர் சப்ளை கிராபிக்ஸ் கார்டை எரித்துவிடுமா?

"வாட் அதிகமான பவர் சப்ளை போட்டால் புது கிராபிக்ஸ் கார்டு கருகிவிடும், கரண்ட் பில்லும் எகிறும்" என்று ஒரு செய்தி சுற்றுகிறது. இரண்டுமே தவறு. 850 வாட் என்பது, கம்ப்யூட்டருக்குள் மின்சாரம் கொடுக்கும் அந்தப் பெட்டியால் தர முடிந்த உச்ச அளவு. கார்டு தனக்கு வேண்டியதை மட்டும்தான் இழுக்கும். அதற்குப் போகும் வோல்டேஜ் எப்போதும் அதே 12தான்.

கவனிக்க வேண்டியது வேறு. பவர் சப்ளையின் பக்கவாட்டு ஸ்டிக்கரில் 12 வோல்ட் கட்டத்தைப் பாருங்கள். அங்கே மொத்தமே 18 ஆம்பியர்தான் என்றால் 216 வாட்தான் கிடைக்கும், அட்டைப்பெட்டியில் 500 என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தாலும் சரி. மலிவு விலைப் பெட்டிகளில் இந்த வித்தை சகஜம். கார்டு செருகப்படும் மதர்போர்டு ஸ்லாட் அதற்குத் தருவது 75 வாட் வரைதான். மீதி பவர் சப்ளையிலிருந்து வரும் 8 பின் கனெக்டர் வழியாக, ஒவ்வொன்றிலும் 150 வாட் வரை.

அப்புறம், பழைய பவர் சப்ளையின் மாடுலர் கேபிளை (கழற்றி மாட்டும் கேபிள்) புது பவர் சப்ளையில் செருகாதீர்கள். பின் வரிசை மாறியிருந்தால் கார்டு நிஜமாகவே கருகலாம்.