சொந்த செல்லில் வளரும் இதய வால்வு: சென்னையில் சுற்றும் தகவல் தவறு

‘சென்னையில் நோயாளியின் ரத்தத்திலிருந்தே பத்து நாளில் இதய வால்வு வளர்த்துப் பொருத்துகிறார்கள், இனி மாத்திரை வேண்டாம்’ என்று வாட்ஸ்அப்பில் ஒரு தகவல் சுற்றுகிறது. இது உண்மையல்ல. அப்படி வளர்த்த வால்வு எந்த நாட்டிலும் வழக்கமான சிகிச்சைக்கு வரவில்லை.

ஆராய்ச்சி நடப்பது நிஜம். கரையக்கூடிய பாலிமர் வலையில் செல்களை விதைத்து, நாடித்துடிப்பு போன்ற அழுத்தம் கொடுத்து வாரக்கணக்கில் வளர்க்கிறார்கள். ரத்தக்குழாயில் பலனும் கிடைத்திருக்கிறது: கை, கால் தமனிக் காயங்களுக்காக 2024 டிசம்பரில் அமெரிக்கா அனுமதித்த ‘சிம்வெஸ்’ என்ற, ஆய்வகத்தில் வளர்த்த ரத்தக்குழாய். ஆனால் அது கொடையாளர் செல்லில் வளர்த்து, பின் செல்களை நீக்கியது. நோயாளியின் செல் அல்ல. வால்வு இன்னும் கடினம். விலங்குச் சோதனைகளில், செல்கள் திசுவை உள்நோக்கி இழுப்பதால் வால்வின் மெல்லிய இதழ்கள் சுருங்கி, ரத்தம் பின்னோக்கிக் கசிந்தது.

எங்கள் கவலை, உலோக வால்வு பொருத்தியவர்களைப் பற்றித்தான். இதை நம்பி, ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரினையோ அசிட்ரோமையோ நிறுத்தினால் வால்வில் ரத்தம் உறைந்து அடைக்கலாம், பக்கவாதம் வரலாம். மாத்திரையையும் ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று பார்க்கும் ஐஎன்ஆர் பரிசோதனையையும் மருத்துவர் சொல்லாமல் விடாதீர்கள்.

புதிய சிகிச்சைகளை மனிதர்களிடம் சோதிக்க இந்தியாவில் நடக்கும் ஆய்வுகளை சிடிஆர்ஐ (CTRI) இணையப் பதிவேட்டில் யாரும் இலவசமாகத் தேடலாம். தயவுசெய்து அந்தத் தகவலை இனி யாருக்கும் அனுப்பாதீர்கள். அனுப்பிய குழுவில் இந்த விளக்கத்தைப் போடுங்கள்.